யாரும் போகாத தடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஒன்றிய அலுவலகத்துக்கு, நடந்து போகிறவர்கள் மேலும் சைக்கிளில் போகிறவர்கள் மேலும் திடீரென்று அக்கறை வந்தது. ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊர் ஊராகப் போய், மக்கள் எந்த வழியாகப் போகிறார்கள் என்று கேட்டு, அந்த வழிக்குக் கிராவல் போட்டுக் கொடுப்பார்களாம்.

நான் அப்போது எருமப்பட்டியில் குடியிருந்துகொண்டு பக்கத்துக் கிராமத்து ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தேன். சைக்கிளில் போவேன். சேலை கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிற டீச்சரை வேடிக்கை பார்த்து ஊர் ஓய்ந்திருந்த சமயம். போவதற்கு இரண்டு வழி. ஒன்று லாரி ரோடு. மற்றது, ஒரு தோட்டத்துக்காரரின் நிலத்தில் வேலியை ஒட்டிப் போன ஒற்றையடித் தடம். ஊரே அந்தத் தடத்தில்தான் நடந்தது. ஆனால் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எதிரே தோட்டத்துக்காரர் வந்தால் நடக்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், அவர் மோட்டார் ரூமைப் பார்ப்பார். பல வருடங்களாக அந்த இடத்தில் இரண்டு தரப்பும் சந்தித்துக்கொண்டதே இல்லை.

மழை பெய்தால் தடம் சேறாகிவிடும். அப்படி ஒரு நாள் லாரி ரோட்டில் போனபோது, போர்வெல் போடுகிற ரிக் லாரி ஒன்று உரசிக்கொண்டு போக, சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தேன். முழங்கையில் தையல் போட்டார்கள். என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அரைப்பரீச்சைக்குள்ள பாதை வந்தாப் பாரு. இல்லீனா வேலையை எழுதிக் குடுத்துட்டு ஊட்ல இரு” என்றார்.

எனக்கு அந்த வேலை உயிர். ஒன்றாம் வகுப்பே சேர்ந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்காமல் என்னால் ஒரு நாள் கூட இருக்க முடியாது என்று நினைத்தேன். அதனால் ஒன்றியத்து ஓவர்சியர் வழி கேட்க வருகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தார். பால் சொசைட்டி முன்னால் கூட்டம் கூடியது. அவருக்கு நாற்காலி தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்து வந்தது. நாற்காலியோடு தோட்டத்துக்காரரும் வந்து, மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஓவர்சியர் கிராம வரைபடத்தை விரித்தார்.

“நீங்கெல்லாம் எந்த வழியாப் போறீங்க, வாறீங்க?”

களையெடுக்கப் போகிற பெண் ஒருத்தி முதலில் பதில் சொன்னாள். தினமும் இரண்டு முறை அந்தத் தடத்தில் நடக்கிறவள். “லாரி ரோட்டு வழியாத்தானுங்க சார்.”

“ஆமாங்க” என்றது கூட்டம். “வேற தடம் ஏதுங்க” என்று ஒருவர் கேட்காமலே உதவினார். ஒருவர் நிலத்தில் நடக்கலாம். நடக்கிறோம் என்று அவர் முகத்துக்கு நேரே, அதுவும் கவர்மெண்டு ஆளிடம் சொல்ல முடியுமா? சொன்னால் நிலத்தைக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

“டீச்சர், நீங்க?”

இந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். “நானும் ரோட்டு வழியாத்தானுங்க” என்றேன். சாட்சிக்கு முழங்கையில் தழும்பு வேறு இருந்தது.

நிலத்தின் வழியே பொதுமக்கள் நடமாட்டம் இல்லை என்று ஓவர்சியர் எழுதிக்கொண்டு, எங்களிடம் கையெழுத்து வாங்கினார். லாரி ரோடு ஒன்றியத்துக்குச் சேர்ந்ததல்ல, அதனால் அங்கேயும் செய்ய ஒன்றுமில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் தோட்டத்துக்காரர் தடத்தின் இரண்டு முனையிலும் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்.

அரைப்பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் வாசலில் போய் நின்றேன். நான் பேசுவதற்கு முன் அவரே ஆரம்பித்தார்.

“ஏனுங்க டீச்சர், இத்தன நாளா என்ற தோட்டத்துல நடந்துபோட்டு, ரோட்டு வழியாப் போறேன்னீங்களே? அன்னிக்கு அந்த மஞ்சப் பையில என்ன இருந்துச்சுன்னு நெனச்சீங்க? பட்டாவுங்க. ஆராச்சும் ஒருத்தர் கேட்டா அங்கயே எழுதிக் குடுத்தரலாம்னு எடுத்தாந்தேன். ஒருத்தருங்கூடக் கேக்கலீங்க.”

“நீங்களே சொல்லியிருக்கலாமுங்களே.”

“கேக்காம எப்படீங்க குடுக்கறது?” என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தில். “இப்பக் கேக்கறேனுங்க. தடம் வேணுமுங்க” என்றேன். அவர் எழுந்து வந்து என் சைக்கிள் ஹேண்டிலை முழம் போட்டு அளந்தார். மறுநாள் முள்ளுக்கு நடுவே அந்த அகலத்துக்கு ஒரு சந்து இருந்தது. தடத்துச் சேற்றின் மேல், கிணறு வெட்டியபோது வந்த கல்லைக் கொட்டியிருந்தார். வாரத்துக்கு ஒரு பஞ்சர். என் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, பஞ்சர் ஒட்டுகிற சாமான் வாங்கிக் கொடுத்தார். ஒன்றியத்தில் மறுபடி கேட்டதற்கு, யாரும் போவதில்லை என்று நானே கையெழுத்துப் போட்டிருப்பதைக் காட்டினார்கள்.

சந்து திறந்த முதல் நாள் காலையில், அதன் வெளியே களையெடுக்கிற பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். தொறந்துதானே கெடக்குது, போங்க என்றேன்.

கூட்டத்தில் முதலில் பதில் சொன்னவள் தலையை ஆட்டினாள். “கேட்டது நீங்கதானுங்க டீச்சர். நாங்க எப்படீங்க போறது? நீங்க முன்னால போங்க. கூட வந்தவங்களாட்டம் நாங்க பின்னால வாரோம்.”

தோட்டத்துக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சரிங்க என்றார்கள், நகரவில்லை. அன்றிலிருந்து தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன், அவர்கள் பின்னால் வந்தார்கள்.

தை மாதம் ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். வெயில் ஏறும்வரை எனக்காக நின்றுவிட்டு, அவர்கள் லாரி ரோட்டில் போனார்கள் என்று மறுநாள் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க நான் லீவே போடவில்லை.