கர்னலுக்குச் சூப்பு

கிண்ணத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி, ஆடும் கப்பல் தளத்தில் நடப்பதுபோல் கால்களை அகட்டி வைத்து, மேஜர் ஹாஸ்கின் முகாம் முற்றத்தைக் கடக்கிறார். ஒரு துளி சிந்துவதில்லை. நண்பகலை அறிவிக்கும் பீரங்கி வெடிப்பதற்குள் கர்னல் டிரெமெய்னின் அறைக்குப் பட்டாணிச் சூப்பு போய்விட வேண்டும்.

ஹாஸ்கினுக்கு அறுபத்துமூன்று வயது. பிளிமத்தில் கரையேறிப் பல வருடங்களாகியும் தூளிபோல் கட்டிய கான்வாஸில்தான் படுக்கிறார். கட்டில் அசையாததால் தூக்கம் வருவதில்லையாம்.

தரைப்படையில் பதவியை விலைக்கு வாங்கலாம். கப்பலில் போய்ச் சண்டையிடும் எங்கள் மரைன் படையில் முடியாது. மேலே இருப்பவர் சாக வேண்டும், அல்லது விலக வேண்டும். பதினெட்டு வயதில் லெப்டினன்ட்டான ஹாஸ்கின், கேப்டனாகும்போது முன்தலை வழுக்கை. அதிகாரிகள் பட்டியல் வந்ததும் இறந்தவர்களின் பெயர்களைப் பென்சிலால் அடிப்பார். அடிக்குமுன் தொப்பியைக் கழற்றுவார்.

இப்போது அவருக்கு மேலே மிச்சமிருப்பது ஒரே பெயர், டிரெமெய்ன். மூன்று மாதமாகப் படுக்கையில். இந்த மாதக் கடைசியில் வயதைக் காட்டி ஹாஸ்கினை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்குள் அந்த இடம் காலியானால் கர்னல். இல்லையென்றால் கடைசிவரை மேஜர்.

“கழுகு பொணத்துக்குக் காத்திருக்கும், சூப்பு ஊட்டாது. இவரு என்ன ரகம்னே தெரியல” என்பாள் கிண்ணத்தை நிரப்பும் கேன்டீன் ஜெமிமா, அவர் காதில் விழும்படியே.

“மிளகு கம்மி, ஜெமிமா” என்பார் ஹாஸ்கின்.

நேற்று ரொட்டியை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். இருவரும் ஒரே வருடம் படையில் சேர்ந்தவர்கள். டிரெமெய்ன் ஒன்பது நாள் முன்னால் சேர்ந்ததால் பணியில் மூத்தவர்.

“நாடி பாக்க வந்தியா?” என்றார் டிரெமெய்ன்.

“ஆறுது, குடி.”

பாதி குடித்ததும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார் டிரெமெய்ன். விலகல் கடிதம். கையெழுத்தும் போட்டிருந்தார்.

“இத மேல குடுத்துடு. ஒம்போது நாளுக்காக நாப்பத்தஞ்சு வருஷம் உன்ன எனக்குக் கீழ நிக்க வெச்சாச்சு.”

விலகினால் இந்த அறையைக் காலி செய்ய வேண்டும். “நீ எங்க போவ?” என்று கேட்டார் ஹாஸ்கின்.

“தங்கச்சி வீட்டுக்கு. அங்கேர்ந்து கடல் தெரியாது, அவ்வளவுதான்.”

ஹாஸ்கின் தாளை இரண்டு முறை படித்தார். ஜன்னல் சட்டம் கடகடத்துக்கொண்டிருந்தது. இடுக்கு வழியாக ஊதக்காற்று நேரே படுக்கைமேல் அடித்தது. அவர் எழுந்து போய், தாளை நான்காக மடித்து, மறுபடி எட்டாக மடித்து, அந்த இடுக்கில் செருகி, ஆட்டம் நிற்கும்வரை கட்டைவிரலால் அழுத்தினார்.