கடைசி வீட்டு பல்பு

என் மேசை டிராயரில் ஒரு டார்ச் லைட் பல்பு கிடக்கிறது. எரியும், ஆனால் மங்கலாகத்தான் எரியும். தூக்கிப் போடச் சொல்லி மகள் சலித்துக்கொள்கிறாள். போடமாட்டேன். அதை எனக்குக் கொடுத்தவர் எங்கள் பள்ளிக்கூடத்து சயன்ஸ் சார்.

மலைமேல் மாரமங்கலம் போகும் வழியில் இருந்த அந்தப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு எஸ்டேட்காரர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் பாட சிடிகள் சிலவற்றையும் கொடுத்தார். கணக்குத் தெரிந்தவளுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று யாரோ முடிவு செய்ய, அது என் தலையில் விழுந்தது. சயன்ஸ் சார் அந்த அறைப் பக்கமே வரமாட்டார். "நமக்கு அந்தப் பொட்டியெல்லாம் வேண்டாமுங்க டீச்சர்" என்பார். அவர் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் பாடம் நடத்துவதில் மன்னன், பொய் சொல்லக்கூடாது.

எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைனில் பிறந்து வாத்தியாரானவர் அவர். வரிசையாக எட்டு வீடு, மேட்டுத் தொட்டியிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே குழாய். முதல் வீட்டில் குடம் நிரம்பும், கடைசி வீட்டில் சொட்டும். அந்தக் கடைசி வீடு அவருடையது. மின்சாரப் பாடத்துக்கும் அதையே சொல்வார். "முதல் ஊட்டுல புடிச்சது போக மிச்சந்தான் கண்ணு கடைசி ஊட்டுக்கு. கரண்ட்டும் அப்படித்தான்." ஒரு பலகையில் பேட்டரியோடு அடுத்தடுத்து இரண்டு பல்புகளை மாட்டி வைத்திருந்தார். இரண்டாவது மங்கலாக எரியும். லைன் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? நானும் தலையாட்டியவள்தான்.

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. ஒரே கம்பியில் அடுத்தடுத்து மாட்டிய, ஒரே மாதிரியான இரண்டு பல்புகளில் எது பிரகாசமாக எரியும்? அதே லைனிலிருந்து வந்த ஒரு பெண், இரண்டும் சமமாக எரியும் என்று எழுதியிருந்தாள். சார் சைபர் போட்டுவிட்டார். அந்த மார்க் போனதில் அவள் பெயில். படித்தது போதும், எஸ்டேட் வேலைக்கு வரட்டும் என்று அப்பா சொல்லிவிட்டாராம். அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "பொட்டியில அப்படித்தானுங்க டீச்சர் காட்டுச்சு."

சிடியைப் போட்டு நானும் பார்த்தேன். கம்பிக்குள் மஞ்சள் புள்ளிகளாகக் கரண்ட் ஓடியது. முதல் பல்பைத் தாண்டியும் புள்ளிகள் குறையவில்லை. போன அத்தனையும் இரண்டாவதையும் கடந்து பேட்டரிக்குத் திரும்பின. சாரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். திரையில் விரல் வைத்து எண்ணினார். மறுபடி போடச் சொன்னார். "படம் போடறவன் எப்படி வேணும்னாலும் போடுவானுங்க" என்று எழுந்து போனவர், தன் பலகையோடு திரும்பி வந்தார். இரண்டு பல்புகளையும் கழற்றி இடம் மாற்றினார். இப்போது மங்கல் பல்பு முதல் இடத்தில் இருந்தது. அங்கேயும் மங்கலாகவே எரிந்தது. குறை இடத்தில் இல்லை, பல்பில்தான். சார் மறுபடியும் கழற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார். அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

மார்க்கைத் திருத்தி ஆபீசில் கொடுத்திருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. நானே அப்படித்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. விடைத்தாளை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே லைனுக்கு நடந்தார், நானும் கூடப் போனேன். தங்கள் லைனிலிருந்து போய் வாத்தியாரானவர் என்று அங்கே அவருக்கு அத்தனை மரியாதை. நாற்காலி வந்தது. அவர் உட்காரவில்லை.

"சார் போட்ட மார்க்கு தப்பா இருக்குமுங்களா?" என்றார் அந்தப் பெண்ணின் அப்பா.

"தப்புங்க. புள்ள எழுதுனதுதான் சரி. நாந்தான் இத்தன வருசமா தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

எட்டு வீட்டு வாசலுக்கும் கேட்கும்படி சொன்னார் சார். குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் மாதம் அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தாள். சாரும் வாரம் ஒருநாள் என் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரத் தொடங்கினார்.

அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. சாரும் இல்லை. அந்த சிடியில் இருந்ததைவிட நல்ல படங்கள் இப்போது என் செல்போனிலேயே ஓடுகின்றன. ஆனாலும் டிராயரைத் திறக்கும்போதெல்லாம், இந்தப் பல்பை என் கையில் வைத்துவிட்டு அவர் நின்ற நிலைதான் கண்முன் வருகிறது.

"இது என்னை நொம்ப வருசம் ஏமாத்திருச்சுங்க டீச்சர்" என்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "இல்லீங்க. நாந்தான் ஒருநாளும் கழட்டி மாத்திப் பாக்கல."