பழைய விலைக்கே விற்ற பன்னிரண்டு டின்

டின்னைத் திறந்ததும் ஒரு வாசனை வரும் பாருங்கள்... புதுக் கடலை எண்ணெய் வாசனை. கல்யாணமாகிப் பாளையம்பட்டிக்கு வந்த புதிதில் என் சேலையெல்லாம் அதுதான் மணக்கும். வீட்டின் முன்பக்கமே எங்கள் மளிகைக் கடை.

எழுபதுகளில் ஒரு வருடம் மழை பொய்த்துக் கடலை விளையவில்லை. எண்ணெய் விலை ஒரே வாரத்தில் எகிறிவிட்டது. எங்களிடம் முன்பே வாங்கிப் போட்ட பன்னிரண்டு டின் இருந்தது. மற்ற கடைக்காரர்கள் மறுநாளே விலையை ஏற்றினார்கள். என் வீட்டுக்காரரும் ஏற்றத்தான் நினைத்தார்.

நான்தான் பெரிய நியாயவாதி மாதிரி குறுக்கே நின்றேன்.

"பழைய வெலைக்கு வாங்குனதத்தானே விக்கிறோம்? ஊரு வயித்தெரிச்சல் நமக்கு எதுக்குங்க?"

விலை எழுத எடுத்த சாக்பீஸை அவர் கீழே வைத்தார். "சரி, பழைய வெலைக்கே குடுப்போம்" என்றார்.

பந்தல்குடியிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். "மகராசன், நீங்க நல்லாருக்கணும்" என்று கும்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றே நாளில் அத்தனையும் காலி.

அந்தப் பணத்தோடு அருப்புக்கோட்டை மொத்தக் கடைக்குப் போனவர் ஏழே டின்னோடு திரும்பினார். அதைப் புது விலைக்கு விற்றதும், கும்பிட்ட அதே ஆட்கள், "இவுகளும் மத்தவுக மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பருப்பும் புளியும்கூட ஏறிக்கொண்டே போன காலம். கரைந்துபோன கைமுதலை வைத்து எதையும் நிறைய வாங்கிப் போட முடியவில்லை. சரக்கில்லாத கடைக்கு யார் வருவார்கள்? தீபாவளிக்குள் மூடிவிட்டோம். அவர் அருப்புக்கோட்டையில் இன்னொருவர் கடைக்கு எடை போடப் போனார். இருபது வருடம்... ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை.

போன ஞாயிறு பேப்பரில் ஒரு கட்டுரை படித்தேன். பழைய சரக்கை விற்கும்போதும், அதையே மறுபடி வாங்க என்ன ஆகும் என்று பார்த்துத்தான் விலை வைக்க வேண்டுமாம். நாலே வரி. படித்துவிட்டு அழுதுவிட்டேன்.

கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"இப்பிடி ஆகும்னு ஒங்களுக்கு அப்பமே தெரியாதா?"

"யாவாரி மகனுக்குத் தெரியாமயா இருக்கும்? வாக்கப்பட்டு வந்து நீ மொத மொத கேட்டது அது. எப்பிடி மாட்டேன்னு சொல்ல?"

இப்போதெல்லாம் விலை ஏறினால் கடையில் அன்றைக்கே மாற்றிவிடுகிறார்கள். யாரும் நியாயம் கேட்பதில்லை. நானும் பேசாமல் வாங்கி வருகிறேன்.

'ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு' என்று அன்றைக்கு ஒரே ஒரு தடவை என்னை அதட்டியிருக்கலாம் அவர்.