வாழைநாருக்குச் சட்டத்தில் இடமில்லை

பூவை வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலில் பூவுக்கு வேலை கொஞ்சம்தான். மீதியெல்லாம் காகிதத்தின் வேலை. அந்தக் காகிதத்தை எழுதுகிறவன் நான். ஒரே படிவத்தை மூன்று தடவை நிரப்பிய அன்பர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

பழத்துக்கு ஒரு நீதி

தோவாளை பாக்கியம் அக்காவின் கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் மாலை கட்டுகிறார்கள். மேற்கே பல நாடுகள் கூடி ஒரே சட்டம் வைத்துக்கொண்ட கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அங்கே நம் பக்கத்து இரணியல்காரர் ஒருவர் நடத்தும் கடைக்குக் கல்யாண மாலை அனுப்பினோம். பூச்சி, நோய் இல்லை என்று அரசு கொடுக்கும் சான்றிதழுக்கு மல்லிகை என்று மட்டும் எழுதிக்கொடுத்தேன். மாலையை வாழைநாரில்தான் கட்டுவார்கள் என்பதைத் தனியாக எழுத வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்குத் தோன்றும்?

அங்கே பெட்டியைத் திறந்த அதிகாரிக்குத் தோன்றியது. நாரும் தாவரம், காகிதத்தில் இல்லை என்று மொத்தத்தையும் எரித்துவிட்டார். இன்னொரு தடவை தவறினால் வேறு ஆளைப் பார்ப்பதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேரின் பிழைப்பும் அந்த ஒரு கடையில்தான். அதே சட்டத்தில் வாழைப்பழத்துக்குச் சான்றிதழே வேண்டாம் என்பதை அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பழம் போலாமாம், நாரு போகப்பிடாதாம். இதை எழுதினவன் வாழையைக் கண்டிருக்கானா மக்கா?"

செடி எங்கே?

சரி, நாரையும் சேர்த்து எழுதி வாங்குவோம் என்று சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் கணினிப் பட்டியலில் நார் இல்லை. வாழை என்று போடச் சொன்னேன். போடலாம் என்றார் இளையவர். அப்படிப் போட்டால் வாழையைத்தான் சோதிக்க வேண்டும் என்றார் மூத்தவர். அங்கே அத்தனை நாடுகள் ஒரு காகிதத்தில் ஒத்துப்போய்விட்டன. இங்கே ஒரே மேசையில் இருந்த இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை. மூத்தவர் என் கையிலிருந்த நார்க்கற்றையைத் தொடாமலே பார்த்தார்.

"நாருன்னு ஒரு செடி கிடையாது சார். இலை, காய் உள்ளதா ஏதாவது கொண்டு வாங்க."

நூலறிவு

ஆலையில் திரித்த நூலைச் சட்டம் தாவரமாக நினைப்பதில்லை. ஆகவே நூலில் கட்டச் சொன்னேன். கொட்டகையிலேயே கைவேகமான செல்வி முகத்தைச் சுளித்தாள். நான் மூன்று விதிகளை எடுத்துச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நனைஞ்ச நாருதான் பூவுக்குத் தண்ணி கொடுக்கும். நூலு காம்பை அறுத்துப் போடும்ணே, அது சட்டத்துல எழுதியிருக்கா?"

இரண்டு நியமம்

நூலில் கட்டிய மாலையோடு நான் திருவனந்தபுரம் விமானத்துக்குப் போன வண்டியை மாநில எல்லையில் ஒரு மலையாளக் காவலர் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார். அந்தக் கூட்டமைப்பில் நாட்டுக்கு நாடு கதவே கிடையாது, ஒரு வாசலில் நுழைந்தால் போதும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். சட்டத்துக்கு அவர் மொழியில் நியமம் என்று பெயர்.

"அது அவிடத்தெ நியமம். வண்டி நிக்கணது இவிடெயாணு."

எல்லாம் சரி

அங்கே போய் இறங்கிய பெட்டி ஒரே பார்வையில் தேறியது. பிறகு மூன்று நாடுகளைக் கடந்தது. ஒருவரும் திறக்கவில்லை, ஒரு முத்திரை கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. கல்யாணத்தன்று கடைக்காரர் கூப்பிட்டார். அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சட்டப்படி எல்லாம் சரியா வந்திருக்குண்ணே. நூலு இருக்கு, பூவு பெட்டிக்க அடியில கெடக்கு. இனி அனுப்பண்டாம்."

ஆக, அத்தனை நாடுகளும் ஒன்றுகூடி, நம் அலுவலகமும் நானும் துணை நின்று, பன்னிரண்டு பெண்களைச் சட்டம் இம்மி பிசகாமல் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.