வித்தியாசமான படகு

எங்கள் ஊரில் யாரும் எதையும் மோசம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்த கேக் கல்லாக இருக்கட்டும், தேவாலயச் சுவருக்கு எவனோ வாந்தி நிறத்தில் பெயின்ட் அடித்து வைக்கட்டும், காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்போம். பிறகு, "வித்தியாசமா இருக்கு" என்போம். அதோடு தீர்ப்பு முடிந்தது. அமெரிக்காவில், மின்னசோட்டாவின் வடக்கு மூலையில் பாதி வருடம் பனிக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும். நாக்கை அடக்கி வைத்தால்தான் பிழைப்பு ஓடும்.

ஆர்டிஸ் அந்தப் பான்டூன் படகை இழுத்துக்கொண்டு வந்தபோது, அவள் வீட்டு வாசலில் கூடிய நாலைந்து பேரும் அதையேதான் சொன்னார்கள்.

"அசிங்கமா இருக்கு" என்று சொன்ன ஒரே ஆள் அவள் தம்பி ஓரின். சொல்லிவிட்டுச் சக்கர நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

ஓரின் அப்படித்தான். பிறக்கும்போதே மூச்சுத் திணறி, கால் விளங்காமல் போனவன். தலை நரைத்த பிறகும் பேச்சு குழந்தைப் பேச்சாகவே நின்றுவிட்டது. அவனுக்குப் பொய் மட்டும் வராது. பூசை முடிந்து வெளியே வரும்போது பாதிரியாரின் கையைப் பிடித்து, "இன்னைக்கு ரொம்ப நீளம், எனக்குப் பசிச்சுது" என்பான். ஆர்டிஸின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவன் தங்க மாட்டான்" என்றான். மாப்பிள்ளை தங்கவில்லை. ஊரே வாய்க்குள் வைத்திருந்ததை அவன் ஒருவன்தான் வெளியே விட்டான். ஆர்டிஸ் எதை வாங்கினாலும், எதைச் சமைத்தாலும் அவனிடம்தான் காட்டுவாள். மற்றவர்கள் சொல்வதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவன் ஊருக்குள் இருந்த காப்பகத்தில் இருந்தான். ஞாயிறுதோறும் அவனைக் கூட்டி வந்து, சோறு போட்டு, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவாள்.

அப்பா இருந்தவரை ஓரினை மூட்டைபோல் அள்ளித் தன் சின்னப் படகில் உட்காரவைத்து மீன் பிடிக்கக் கொண்டுபோவார். அவர் போனபின் அவனைத் தூக்க ஆளில்லை. அவனும் பெருத்துவிட்டான், ஆர்டிஸின் முதுகும் விட்டுப்போயிற்று. ஆண்டுதோறும் ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, எங்கள் ஊர் நீள ஏரியில் கொடியும் காகிதத் தோரணமும் கட்டிய படகுகள் ஊர்வலம் போகும். ஓரின் கரையிலிருந்து கையாட்டுவான். "நாம எப்போ?" என்பான்.

போன வருடம், கோடைக்கு மட்டும் வந்துபோகும் பங்களாக்காரர் ஒருவர், "தாராளமா! எங்க பான்டூன்ல நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஓரின் அன்று முழுக்க ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படகுத்துறையில் உட்கார்ந்திருந்தான். அவர் வரவில்லை. மறந்திருப்பார். அன்றோடு ஆர்டிஸ் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். ஏற்கெனவே கேட்காத ஜாதி நாங்கள், அவளுக்கு இது ஒரு சாக்கு.

இந்த வசந்தத்தில் காப்பகத்தை இழுத்து மூடப்போவதாகச் செய்தி வந்தது. இலை உதிர்வதற்குள் அங்கிருப்பவர்களை எல்லாம் நகரத்துப் பக்கம் ஓர் இடத்துக்கு மாற்றுவார்கள். போக அரை நாள், வர அரை நாள். இதற்கு மட்டும் வைராக்கியத்தை விட்டு ஆர்டிஸ் யார் யாரிடமோ போய் நின்றாள், எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அந்த ஞாயிறு அவன் தட்டில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, யோசிக்காமல் வாயை விட்டாள்: "இந்த வருஷம் ஊர்வலத்துல நாம போறோம், ஓரின். நம்ம சொந்தப் படகுல."

"நிசமா?"

"நிசமா."

இரண்டு நீள அலுமினிய உருளைகள், அவற்றின்மேல் சமதளமாக ஒரு மேடை. பான்டூன் என்றால் அவ்வளவுதான். படகுத்துறையிலிருந்து சக்கர நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றிவிடலாம். வெண்டல் கிழவரின் கொட்டகைக்குப் பின்னால் டிரெய்லர்மேல் ஏற்றியபடி ஒன்று பல காலமாகக் கிடந்தது. டிரெய்லரின் இடுக்கில் ஒரு மரமே முளைத்திருந்தது.

"எடுத்துட்டுப் போம்மா, எனக்குப் புல்லு வெட்ட இடம் கிடைக்கும்" என்று அவர் தலையில் கட்டிவிட்டார். ஆப்பிள் வைத்த பை பலகாரம் ஒன்று சுட்டுக்கொடுத்தால் போதும் என்றார்.

ஆர்டிஸ் மரத்தை அறுத்தாள். இருக்கைக்குள் குடித்தனம் நடத்திய எலிகளைக் காலி செய்தாள். கார்ப்பெட்டைக் கிழித்தபோது அடியிலிருந்த ப்ளைவுட் ஊறிய ரொட்டிபோலக் கையோடு வந்தது. புதுப் பலகை போட்டது ஒன்றுதான் பெரிய செலவு. மற்றதெல்லாம் கழித்துக்கட்டிய பழைய பேருந்திலிருந்து வந்தது. இருக்கைகளைக் கழற்றி வந்தாள், சக்கர நாற்காலியைத் தரையோடு பிணைக்கும் கொக்கிகளையும் வார்களையும் கழற்றி வந்து மேடையின் நடுவில் பொருத்தினாள். அந்தக் கொக்கிகளைப் போட்ட அன்று அவள் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஞாயிறுகளில் ஓரின் மேற்பார்வை பார்த்தான். "கோணலா இருக்கு" என்றான். கோணலாகத்தான் இருந்தது, கழற்றி மறுபடி போட்டாள். ஒரு நாள் இடப்பக்க உருளையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள தண்ணி ஆடுது, ஆர்டி" என்றான்.

ஆடியது. என்றோ உள்ளே போன தண்ணீர் குளிரில் உறைந்து, விரிந்து, உருளையின் வெல்டிங் இணைப்பை மயிரிழைபோலப் பிளந்திருந்தது.

அலுமினியம் வெல்டிங் செய்ய ஊரில் டெல்மர் ஒருவர்தான். அவர் மனைவி அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். போய் நின்றால் அவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இதைச் செய்வார், காசும் வாங்கமாட்டார். ஆர்டிஸ் இரண்டு முறை அவர் பட்டறைவரை வண்டியை ஓட்டிப்போய், இறங்காமலே திரும்பினாள். அவருக்கு எதற்குத் தொந்தரவு என்று நினைத்தாள். பிறகு கடையில், ஜன்னல் இடுக்கை அடைக்கும் நுரை டப்பாக்களை வாங்கி வந்தாள். உள்ளே இருந்த தண்ணீரை வடித்துவிட்டு, இனி நீர் புக இடமிருக்காது என்ற கணக்கில், உருளையின் மேல்புறம் ஓட்டை போட்டு நுரையைப் பீய்ச்சி நிரப்பினாள்.

அந்த நேரம் பார்த்து வெண்டல் வந்தார். ஆயுசு முழுக்கப் படகோடு மாரடித்தவர். மஞ்சள் நுரை பொங்கி வழிவதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ம்... வித்தியாசமா இருக்கு."

ஆர்டிஸுக்கு அது காதில் விழாமல் இல்லை. ஊரான் வீட்டுக் கேக்கைப் பார்த்து அவளே எத்தனை முறை சொன்ன வார்த்தை! 'ஏன், என்ன தப்பு?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த மனுஷனும் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. இரண்டு பேரும் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிரிந்தார்கள். நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊர்வலத்துக்கு முந்தின வாரம் படகை ஏரியில் இறக்கினாள். ஓரினின் எடைக்கும் நாற்காலியின் எடைக்கும் ஈடாக உப்பு மூட்டைகளை ஏற்றியிருந்தாள். முதலில் அழகாகத்தான் மிதந்தது. காப்பகத்துக்குப் போன் செய்து சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு விரிசல் வழியே நுரை நீரைக் குடிக்கக் குடிக்க, இடப்பக்கம் மெல்ல மெல்ல அமிழ்ந்தது. மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து தண்ணீரில் விழ, அவள் இடுப்பளவு நீரில் நின்று தடுக்கத் தெரியாமல் கையைப் பிசைந்தாள்.

அதன் பிறகுதான் படகை இழுத்துக்கொண்டு டெல்மரிடம் போனாள். அவர் ஓட்டைக்குள் விரலை விட்டு, ஈரம் சொட்டும் நுரையில் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தார்.

"இதுல நெருப்பைக் காட்ட முடியாது, ஆர்டிஸ். நுரை பத்திக்கும், அந்தப் புகை ஆளையே கொன்னுடும். நுரையை எடுக்கணும்னா உருளையை நீளவாட்டுல அறுக்கணும். அறுத்தா அப்புறம் அது உருளையே இல்ல."

"வேற உருளை கிடைக்காதா?"

"இவ்வளவு பழசுக்கா? தேடிப் பாக்கலாம். இந்தக் கோடைக்குள்ள கிடைக்காது." கையைத் துடைத்துக்கொண்டார். "ஏன் முன்னாடியே எங்கிட்ட வரல?"

"நீங்க இருக்கிற நிலைமையில உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"ஒரு மணி நேர வேலைம்மா" என்றார் டெல்மர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

நாலாம் தேதி காலை அவள் காப்பகத்துக்குப் போனபோது ஓரின் வாசலிலேயே இருந்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான், அப்பாவின் தொப்பி தலையில், மடியில் அவனே வண்ணம் தீட்டிய காகிதத் தோரணம். இந்த ஒரு வாரமாக அவனிடம் போனில் சொல்ல நினைத்து, வேறு ஏதேதோ பேசிவிட்டு வைத்திருந்தாள். வண்டியிலும் சொல்ல வாய் வரவில்லை. நேரே வீட்டுக்குக் கொண்டுபோய், டிரெய்லர்மேல் நின்ற படகின் பக்கத்தில் அவனை நிறுத்தினாள்.

"ஓடாது, ஓரின். உள்ளே கண்டதை ஊத்தி நான்தான் கெடுத்துட்டேன். நாம போக முடியாது."

அவன் கையை நீட்டி உருளையைத் தட்டினான். தண்ணீர் ஆடவில்லை. தலையணையைத் தட்டியதுபோல் ஒரு சத்தம். மறுபடி தட்டினான். ஏரிப் பக்கம் ஊர்வலத்தின் முதல் ஊதல் கேட்டது.

அவள் காத்திருந்தாள். திட்டட்டும், நீ பொய் சொன்னாய் என்று கத்தட்டும், தோரணத்தைக் கிழித்து எறியட்டும். அவன் வாயால் கேட்டுவிட்டால் அழுது தீர்த்துவிடலாம் என்றிருந்தது.

ஓரின் படகைப் பார்த்தான். பேருந்து இருக்கைகளை, நடுவிலிருந்த கொக்கிகளைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வித்தியாசமா இருக்கு, ஆர்டி" என்றான்.

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவன் மடியிலிருந்த தோரணத்தை எடுத்து மெதுவாக அவள் பக்கம் நீட்டினான். ஏரியில் ஊதல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. கடைசிப் படகும் போன பிறகுகூட, அவன் ஜாக்கெட்டைக் கழற்ற விடவில்லை.