கோழியைத் தனியே அடைக்காமல் போன அன்று

எங்கள் வீட்டில் ஐந்து முட்டைக் கோழிகள் இருந்தன. ஒரு நாள் காலையில் கறுப்புக் கோழிக்கு முட்டை வரும் வழி சிவந்த சதையாகப் பின்னால் வெளியே தள்ளியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்ல உள்ளே தள்ளினேன். போய்விட்டது. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கவே, கோழியைக் கூண்டில் மற்றவற்றோடு விட்டுவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில், பேரிகை ஊரிலிருந்து என்னோடு வேலைக்கு வரும் சாந்தாக்காவிடம் சொன்னேன். அவரும் கோழி வளர்ப்பவர்.

"தனியா கூடையில கவுத்து வெச்சியா? முக்குனா மறுபடி வெளிய வந்துரும். செவப்பைப் பாத்தா மத்ததுங்க கொத்தியே கொன்னுடும்" என்றார்.

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கப் போயிருந்த கணவரைத் திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. கம்பெனி கேட்டில் வழக்கம்போல் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எட்டு மணி நேரம் ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் கூண்டுதான் நின்றது.

மாலையில் கோழி மூலையில் செத்துக் கிடந்தது. குடல் வரை கொத்தியிருந்தன.

"சத்தமே கேக்கலையே" என்றார் கணவர். அவர் கட்டிலுக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

இப்போது ஒரு கோழி சோர்ந்து நின்றாலே, முதலில் அதைத் தனியாகக் கூடை போட்டு மூடிவிடுகிறேன். பஸ் போனால் போகட்டும்.