பெயர் போடாத கைகள்

இங்கே மலேசியாவில் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். காலை உணவு ஆயிற்றா என்று அதற்குப் பொருள். மதராஸிலிருந்து வந்த புதிதில், "எனக்குப் பசியே இல்லையே" என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளானேன். அந்தத் தவறு சிரிப்போடு போயிற்று; அடுத்தது அப்படிப் போகவில்லை. எழுபதுகளின் கடைசியில், முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், களைக்கொல்லி தெளிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். "மருந்து எடுக்கிறீர்களா?" என்றால் "தினமும்தான்" என்றார்கள். இத்தனை பேருக்கும் என்ன நோய் என்று வியந்தபடி எழுதிக்கொண்டேன். ஸ்டோரிலிருந்து எடுத்து முதுகில் சுமக்கும் களைக்கொல்லியைத்தான் அவர்கள் மருந்து என்கிறார்கள் என்பது மூன்றாவது வாரம்தான் விளங்கியது.

பேட்டி நடக்கும்போதெல்லாம் கிராணி என்று அழைக்கப்படும் தோட்ட ஆபீஸ் குமாஸ்தா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள் பெண்கள். ஆரோக்கியமேரியும் கைகளைச் சாரோங் மடிப்பில் மறைத்துக்கொண்டு அதையே சொன்னாள். எழுந்து போகும்போது மட்டும் என் காதருகே, "அக்கா, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு பிரிஞ்சாங் டவுன் மார்க்கெட்டுக்கு வாங்க லா. கிராணி அங்க வரமாட்டாரு" என்றாள்.

போனேன். காய்கறிக் கடைக்குப் பின்னால் கைகளை நீட்டினாள். மூன்று விரல்களில் நகமே இல்லை. கூட வந்த நான்கு பெண்களும் தங்கள் கைகளை நீட்டினார்கள்.

செய்தி எப்படியோ எட்டி, அந்த வாரமே தோட்ட மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். "மார்க்கெட்ல பேசினவங்க பேர் லிஸ்ட் கொடுங்க மேடம், நாங்களே கவனிச்சுக்கிறோம்."

"தரமாட்டேன்" என்றேன்.

அனுமதி ரத்தாயிற்று. கோலாலம்பூரில் என் வழிகாட்டிப் பேராசிரியர், "விசாவில் இருப்பவள் நீ, தலைப்பை மாற்றிக்கொள்" என்றார். தோட்டத்துக்குள் நுழையத்தான் அனுமதி வேண்டும், சந்தைக்கு எதற்கு என்று கேட்டேன். கிராணியை வைத்துக்கொண்டு நான் எழுதிய தாள்களை ஒதுக்கிவிட்டு, ஞாயிறுதோறும் பஸ் ஏறி முதலிலிருந்து தொடங்கினேன்.

"பேரப் போடாதீங்கக்கா. கையப் போட்டோ புடிங்க. இது என் கைதான்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள் ஆரோக்கியமேரி.

இரண்டு வருடம் கூடுதலாயிற்று. பட்டம் கிடைத்தது. பிறகு தோட்டத்தில் கையுறையும் கொடுத்தார்கள். அவள் நகங்கள் கோணலாகத்தான் வளர்ந்தன.

அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், "எங்கள் பெண்களின் கைகள் என் ஆய்வேட்டில் இருக்கின்றன" என்று எழுதியிருந்தேன். "எந்த ஊர்ப் பெண்களடி?" என்று பதில் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தால், மறுபடி எழுதும் அந்த 'எங்கள்' என்ற சொல்லிலேயே பேனா நின்றுவிடுகிறது. அதை அடிக்கவும் மாட்டேன், விளக்கவும் மாட்டேன்.